கூட்டிய ஒரு மணி

சான் மாலோவில் பிறந்தவர்கள் கடலுக்குப் பயப்படுவார்கள். கோடை விடுமுறைக்கு வந்து போகிறவர்கள்தான் அதன் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்பார்கள். பஸ்தியான் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவன். அவன் ஊர் ஓர்லேயான். கடலுக்கும் அந்த ஊருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆனால் ஆறு வயதிலிருந்து ஒவ்வொரு ஜூலையும் இங்கே கூடாரம் போட்டுத் தங்கியவன் என்பதால் பாறைகளுக்கெல்லாம் பெயர் சொல்வான். எந்தப் பாறை எந்த நேரத்தில் முழுகும் என்பதும் தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

குளிர்காலத்தில் அவன் இங்கே வருவது இதுதான் முதல் தடவை. அதுவும் ஆசைப்பட்டு வந்ததில்லை. மயேலும் அவனும் பிரிந்த பிறகு, மகள் சிதோனியின் விடுமுறைகளை நீதிமன்றம் சரிபாதியாக வெட்டிக் கொடுத்திருந்தது. இந்த வருஷம் கிறிஸ்துமஸ் விடுமுறையின் முதல் பாதி அவனுக்கு. ஒன்பது வயதுப் பெண்ணை ஒற்றைப் படுக்கையறை வீட்டில் ஒரு வாரம் அடைத்து வைப்பானேன் என்று, ஊரைச் சுற்றிய கோட்டைச் சுவருக்குள்ளே ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

வாரம் குறையில்லாமல் போயிற்று. மழை பெய்தது, காற்று குடையைப் பிடுங்கியது, அப்பாவும் மகளும் வெண்ணெய் சொட்டுகிற கோதுமை அடையைத் தின்றுவிட்டுச் சாக்லேட் பாலில் கையைச் சூடு பண்ணிக்கொண்டார்கள். ஆனாலும் ஏழு நாளும் பஸ்தியானின் தொண்டையில் ஒரு முள் இருந்தது. கிளம்புவதற்கு முந்தைய நாள் மயேல் போனில் பேசியதுதான் அந்த முள்.

"சனிக்கிழமை அஞ்சு மணிக்கு நானே சான் மாலோவுக்கு வர்றேன். கோட்டை வாசல்ல அவளை எங்கிட்ட விடு. பிந்தக் கூடாது, கதை சொல்லக் கூடாது. ஒழுங்கா விட்டேன்னா கோர்ட்ல போட்டிருக்கற மனுவை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"ஒரு அஞ்சு பத்து நிமிஷம் முன்னப்பின்ன ஆனா?"

"பாத்தியா, இப்பவே ஆரம்பிச்சுட்ட. ஜனவரி பன்னெண்டுல நீதிபதிகிட்ட கேட்டுக்கோ."

மனு ஜெயித்துவிட்டால் விடுமுறை கிடையாது, இரவு தங்கல் கிடையாது. பதினைந்து நாளுக்கு ஒரு சனிக்கிழமை மூன்று மணி நேரம், யாரோ ஒரு அதிகாரியம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற அறையில் அவன் தன் மகளைப் பார்த்துக்கொள்ளலாம். மயேல் சும்மா மிரட்டுகிறவள் இல்லை. கோடையில் அவன் மூன்று மணி நேரம் பிந்தினான். சாலையில் நெரிசல் என்றான். நவம்பரில் ஒரு முழு நாள் பிந்தினான். குழந்தைக்கு வயிற்றுவலி என்றான். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ரகம். மீசை அவனுக்கு இல்லை, அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை பெட்டியைக் கட்டிக் காரில் வைத்தாயிற்று. மதியம் இரண்டரை. ஐந்து மணிவரை என்ன செய்வது?

"பெரிய பே தீவுக்குப் போலாமா?" என்றான்.

கோட்டைக்கு எதிரே கிடக்கும் பாறைத் தீவு அது. கடல் வற்றும்போது கற்கள் பாவிய ஒரு பாதை வெளியே வரும், இருநூறு எட்டு வைத்தால் தீவு. கடல் ஏறும்போது பாதை முழுகிவிடும். மறுபடி வெளியே வர ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

"நேரம் ஆயிடாதா?" என்றாள் சிதோனி. நேரம் என்ற சொல்லை அந்தக் குழந்தை இந்த வாரம் முழுக்கக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்பா கணக்கு போட்டுட்டேன்டா கண்ணு." பின்பாக்கெட்டிலிருந்து உள்ளங்கை அகல ஓதப் புத்தகத்தை எடுத்துக் காட்டினான். மீன்தூண்டில் கடையில் கொடுப்பது. கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று வருஷத்தின் எல்லா நாளுக்கும் அதில் போட்டிருக்கும். "இன்னிக்குக் கடல் அடிமட்டத்துக்கு வத்தறது ரெண்டு அஞ்சுக்கு. அதுலேருந்து ரெண்டரை மணி நேரம் பாதை நம்மோடது. நாலு முப்பத்தஞ்சு. நாம நாலு மணிக்கே திரும்பிடுவோம். போதுமா?"

போதும் என்றுதான் எவருக்கும் தோன்றும். அரை மணி கையிருப்பு வைத்துக்கொண்டு கிளம்புகிறவனை யார் குறை சொல்ல முடியும்?

தீவின் மேலே நன்றாகக் காற்று வாங்கினார்கள். சிதோனி முயல் புழுக்கையைக் கண்டுபிடித்து, முயலைத் தேடிக்கொண்டு புல்லுக்குள் குனிந்து திரிந்தாள். மூன்றரை இருக்கும், நாயோடு வந்திருந்த ஒரு வயதான ஆள் அவர்களைக் கடந்து இறங்கியவர், நின்று திரும்பினார்.

"நீங்க கிளம்பலையா?"

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே."

"ஒரு மணியா?" அவர் கடலைப் பார்த்தார். "நானா இருந்தா இப்பவே இறங்கிடுவேன்."

"முப்பது வருஷமா வர்றோம், ஐயா. புஸ்தகம் பாத்துட்டுதான் ஏறினோம்."

இதற்கு மேல் முன்பின் தெரியாதவனிடம் என்ன சொல்வது? அவர் குழந்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாயை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போனார்.

"அப்பா, எல்லாரும் போயிட்டாங்க."

"நல்லதாப் போச்சு. முயல் இப்பதான் வெளிய வரும்."

இருவரும் தீவின் மறுபுறம் போய், அங்கிருந்து தெரிகிற பக்கத்துப் பாறையின் சின்னக் கோட்டையைப் பார்த்துவிட்டு, முயலைப் பார்க்காமல், நான்கு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் பாதைக்கு இறங்கி வந்தார்கள். தீவுப் பக்கத்துச் சரிவின் கடைசிக் கல்வரை தண்ணீர் நின்றது. அதற்கு அப்பால் பாதை இல்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் கடல் வந்து நடுவில் கை கோத்துக்கொண்டிருந்தது.

பஸ்தியான் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். போனை எடுத்து அதிலும் மணி பார்த்தான். இரண்டும் ஒன்றைத்தான் சொல்லின.

"காத்து தள்ளுது. மேக்கத்திக் காத்து. அதான் சீக்கிரம் ஏறிடுச்சு," என்றான்.

சிதோனி அவன் கையிலிருந்த புத்தகத்தை வாங்கினாள். இன்றைய தேதியில் விரலை வைத்தாள். "இதுல ஒண்ணு அஞ்சுன்னு போட்டிருக்கே அப்பா."

"ஆமா. ஒரு மணி கூட்டணும். எப்பவும் கூட்டணும். அது அச்சடிக்கறது அப்படி."

அவள் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "கோடைக்கால நேரம் நடக்கும்போது ஒரு மணி கூட்டிக்கொள்க." பிறகு தலையை நிமிர்த்தி, குத்திக் காட்டுகிற எண்ணமே இல்லாமல் கேட்டாள். "இப்ப கோடையா?"

மார்ச் மாதக் கடைசியில் நாடே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கும். அக்டோபரில் பின்னால் இழுத்துக்கொள்ளும். புத்தகமோ வருஷம் முழுக்கக் குளிர்கால நேரத்தையே அச்சடிக்கும். முப்பது ஜூலைகள் கூட்டிக் கூட்டிப் பழகிய கை, டிசம்பரிலும் கூட்டிவிட்டது. இந்த ஊர்க்காரன் ஒருவனும் செய்யமாட்டான். கடலே அறியாதவனும் செய்யமாட்டான், அவன் யாரிடமாவது கேட்டுக்கொண்டு போவான். அரைகுறையாகத் தெரிந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது.

மணி மூன்று ஐம்பத்தைந்து. எதிரே கோட்டைச் சுவர், கூப்பிட்டால் கேட்கிற தூரம். அதற்குப் பின்னால் வாசல், அந்த வாசலில் ஐந்து மணிக்கு மயேல். பாதை திறக்கும்வரை இங்கே உட்கார்ந்திருந்தால் இரவு பத்து மணி. மயேல் ஐந்து மணி நேரம் வாசலில் நிற்பாள், பிறகு ஜனவரி பன்னிரண்டு.

"முதுகுல ஏறு," என்றான்.

"பாதை முனையில இருக்கற போர்டுல, போகக்கூடாதுன்னு போட்டிருக்கு. தண்ணி மூடிட்டா தீவுலயே இருக்கணும்னு."

"அது பாதை தெரியாதவங்களுக்கு. ஏறு சிதோ. கழுத்தைக் கட்டிக்கோ."

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆழம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு விடுகிற காலை என்ன சொல்வது? முதல் இருபது எட்டு கணுக்கால் அளவு. பிறகு முழங்கால். தண்ணீர் குளிரவில்லை, கடித்தது. அடியில் கல் இருக்கிறது, கல்லை விட்டு விலகாமல் போனால் போதும் என்று காலால் துழாவிக்கொண்டு போனான். நாற்பது எட்டில் தண்ணீர் தொடைக்கு வந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று பேசுவதெல்லாம் கரையில் இருக்கிறவர்கள். தொடையில் நிற்கிறவனுக்கு ஒவ்வொரு சாணும் உயிர்.

"அப்பா, திரும்பிடலாம்."

"பாதி வந்தாச்சு."

பாதி வரவில்லை. அவனுக்கும் அது தெரியும். வலப்பக்கத்திலிருந்து ஒரு அலை, பெரியதுகூட இல்லை, இடுப்பில் வந்து சாய்ந்தது. பாசியில் கால் வழுக்கியது. விழுந்தான். சிதோனியின் கை கழுத்திலிருந்து விடுபட்டதை உணர்ந்தபோது அவன் நெஞ்சில் ஏற்பட்டதை அவன் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. கையை வீசினான். கோட்டின் முதுகுப்புறம் அகப்பட்டது. அதை விடாமல் இழுத்து, அவளை நெஞ்சோடு வாரிக்கொண்டு, எந்தப் பக்கம் கிட்டே இருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்பினான். அது தீவு.

சரிவில் ஏறி, காற்று படாத ஒரு பாறை மறைவில் அவளை இறக்கினான். நெஞ்சுவரை நனைந்திருந்தாள். ஒரு பூட்ஸ் போய்விட்டது. உதடு நீலம் பாய்ந்து, பல் கடகடவென்று அடித்துக்கொண்டது. அவள் கோட்டைக் கழற்றிவிட்டுத் தன் கோட்டைப் போர்த்தினான். முழங்காலில்தான் விழுந்தான் என்பதால் இடுப்புக்கு மேல் அது காய்ந்திருந்தது. போனும் மேல் பாக்கெட்டில் உயிரோடு இருந்தது.

போனைக் கையில் வைத்துக்கொண்டு அவன் நின்றான். கடல் மீட்புக்காரர்களைக் கூப்பிட்டால் வருவார்கள். வந்தால் எழுதுவார்கள். பெயர், வயது, எப்படி மாட்டினீர்கள், குழந்தை ஏன் நனைந்தது. அந்தக் காகிதம் நீதிபதியின் மேஜைக்குப் போக எத்தனை நாள் ஆகும்?

"அப்பா," என்றாள் சிதோனி பல்லுக்கு நடுவிலே. "நான் ஒண்ணு சொல்லட்டா? நான் ஒளிஞ்சுக்கிட்டேன்னு சொல்லிடலாம். முயலைத் தேடிக்கிட்டுப் போயிட்டேன், நீ கூப்பிட்டும் வரலேன்னு. அம்மா என்னை ஒண்ணும் பண்ணமாட்டா."

பஸ்தியான் உடனே வேண்டாம் என்று சொன்னான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவன் அதை யோசித்துப் பார்த்தான் என்பதே உண்மை. நன்றாகத்தான் இருந்தது. நாய்க்காரரைத் தவிர சாட்சி இல்லை.

அவள் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. அவன் எண்ணை அழுத்தினான். பெரிய பே தீவு, இரண்டு பேர், ஒரு குழந்தை, நனைந்துவிட்டோம் என்றான். மறுமுனையில் இருந்த பெண், பாறையை விட்டு நகராதீர்கள், அரை மணிக்குள் படகு வரும் என்றாள். எப்படி மாட்டினீர்கள் என்று அவள் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டான்.

வைத்த கையோடு போன் அடித்தது. மயேல்.

"நான் வந்துட்டேன். சீக்கிரமாவே வந்துட்டேன். சுவர் மேல நடந்துக்கிட்டிருக்கேன். நீங்க எங்க?"

அவன் வாயைத் திறப்பதற்குள் சிதோனி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"அம்மா, கோவிச்சுக்காத. நாங்க தீவுல இருக்கோம். தண்ணி ஏறிடுச்சு. என்னாலதாம்மா. முயல் பாத்தேன்னு ஓடிட்டேன். அப்பா கத்திக் கத்திக் கூப்பிட்டாங்க. நான் சும்மா விளையாட்டுக்கு ஒளிஞ்சுக்கிட்டு..."

குளிரில் குரல் நடுங்கியது. பொய்யில் ஒரு நடுக்கமும் இல்லை. எங்கே மூச்சு விடவேண்டும், எங்கே கொஞ்சம் அழுகிற மாதிரி இழுக்கவேண்டும் என்றெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. நவம்பரில் அவன் ரயிலைத் தவறவிட்ட அன்றைக்கு, "வயித்துவலின்னு சொல்லிடுடா செல்லம், ஒரே ஒரு தடவை" என்று இதே போனை இதே கையில் கொடுத்தவன் அவன்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒன்பது வயதுக் குழந்தைக்குக் கற்றுக் கொடுத்திருந்தான். அவளும் கெட்டிக்காரத்தனமாகக் கற்றுக்கொண்டுவிட்டாள். பஸ்தியானுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கடலில் விழுந்தபோதுகூட இப்படி இல்லை.

போனை வாங்கினான். "மயேல். அவ சொல்றது பொய். அவ எங்கயும் ஓடலை."

சிதோனி பக்கம் திரும்பாமலே மேலே சொன்னான்.

"நான் ஓத நேரத்தைத் தப்பாப் பாத்துட்டேன். ஒரு மணி கூட்டிட்டேன், கோடைன்னு நெனச்சு. ஒருத்தர் வந்து சொன்னார், கேக்கலை. அப்புறம் தண்ணியில எறங்கிக் கடக்கப் பாத்தேன், அவளை முதுகுல வெச்சுக்கிட்டு. விழுந்துட்டோம். நவம்பர்ல வயித்துவலியும் கெடையாது. ரயிலை விட்டது நான்."

மயேல் பேசியபோது சண்டைக் குரல் இல்லை. "எது வரைக்கும் நனைஞ்சிருக்கா?"

"நெஞ்சு வரைக்கும்."

"காலுறையைக் கழட்டு. அவ காலை உன் சட்டைக்கு உள்ள விட்டு வயித்தோட வெச்சுக்கோ. தூங்க விடாத. பேச வெச்சுக்கிட்டே இரு. படகு கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன்."

"வெச்சுடாத போனை."

அவன் போனை வைக்கவில்லை. அந்த இரண்டு கால்களும் வயிற்றில் பட்டபோது பனிக்கட்டியாக இருந்தன. எதிரே சுவர்மேல் ஒரு உருவம் ஓடுவதும் நிற்பதும் தெரிந்தது. சிதோனி அவன் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சுக் கொடுத்தால் ஆமாம், இல்லை என்பதோடு முடித்துக்கொண்டாள்.

படகு வந்தது. மீட்புக்காரர்களுக்குத் தலைமை ஒரு ஐம்பது வயதுப் பெண், கதெல் என்று கூப்பிட்டார்கள். குழந்தையைப் பளபளவென்ற போர்வையில் சுற்றிவிட்டு, பஸ்தியானைப் பார்த்து, "எப்படி மாட்டுனீங்க?" என்றாள்.

"புஸ்தகத்துல இருந்த நேரத்தோட ஒரு மணி கூட்டிட்டேன்."

"டிசம்பர்லயா?"

"ஆமா."

"அப்புறம் கடக்கவேற பாத்தீங்களா?"

"ஆமா. அதையும் எழுதிக்குங்க."

அவள் திட்டுவதற்குத் தயாராக இருந்தவள், திட்டாமல் எழுதிக்கொண்டாள்.

கோட்டைச் சுவரை ஒட்டிய துறையில் படகு ஒட்டியபோது மயேல் தண்ணீருக்குள்ளேயே இறங்கி நின்றாள். மகளை வாங்கி, கன்னத்தைத் தேய்த்து, கையைத் தேய்த்து, தலையை முகர்ந்தாள். அவள் கார் சரிவின் மேலேயே நின்றது, வண்டிக்குள் சூடு ஓடிக்கொண்டிருந்தது. சிதோனியைப் பின்னிருக்கையில் வைத்துப் போர்வையைச் செருகிவிட்டு, அவள் பஸ்தியான் பக்கம் திரும்பினாள்.

கோட்டைக்குள்ளே மாதாகோவில் மணி ஐந்து அடிக்க ஆரம்பித்தது.

"நேரத்துக்குக் கொண்டுவந்துட்ட," என்றாள் மயேல். சிரிப்பும் இல்லை, கசப்பும் இல்லை.

"மனுவை வாபஸ் வாங்காத," என்றான் பஸ்தியான். "பன்னெண்டாம் தேதி நான் வரேன். உங்கிட்ட சொன்னதை அங்கயும் சொல்றேன்."

"சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

பின்னிருக்கையின் கதவு திறந்திருந்தது. போர்வைக்குள்ளிருந்து சிதோனி கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அவள் பேசிய பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது.

"நான் நல்லாத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்," என்றாள். கண்ணீர் பொலபொலவென்று இறங்கியது. அவள் அதைத் துடைக்கவில்லை. "அம்மா நம்பிட்டா. நீதான் கெடுத்துட்ட. இனிமே என்னை உங்கிட்ட விடமாட்டாங்க."

பஸ்தியான் கதவோரம் மண்டியிட்டான். அவளைத் தொடக் கை போனது, ஆனால் அவள் அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டாள்.

"ஆமாடா. நான்தான் கெடுத்தேன்," என்றான்.

நகர்ந்தவள் அப்படியே கோட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். மயேல் மகளைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். முன்கதவைத் திறந்தாள்.

"ஏறு. உன் கார் வரைக்கும் கொண்டுபோய் விடறேன். அவ அழுது முடிக்கிறவரைக்கும் இருந்துட்டுப் போ."